வார்டிலிருந்து ஐந்து மணி நேரம்: நோயாளியை வீட்டு விசேஷத்துக்குக் கூட்டிவருபவர்கள் கேட்கும் கேள்விகள்

2023 நவம்பரில் என் மகளுக்கு வளைகாப்பு. என் மனைவிக்கு அப்போது சூலகப் புற்றுநோய் முற்றியிருந்தது. ஒரு சமூக மருத்துவமனையின் அந்திமகாலப் பராமரிப்பு வார்டில் நான்காவது வாரமாக இருந்தாள். அங்கிருந்து ஐந்து மணி நேரம் மட்டும் சிங்கப்பூரின் அங் மோ கியோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து போனாள். ஆறு வாரம் கழித்துக் காலமானாள்.

அதற்குப் பிறகு தெரிந்தவர், தெரியாதவர் என்று பலர் போன் செய்து, "அண்ணே, நீங்க எப்படிக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மருந்து விஷயத்தில் உங்கள் வார்டு சொல்வதுதான் கடைசிச் சொல்.

ஹோம் லீவ் என்றால் என்ன? டிஸ்சார்ஜ் மாதிரியா?

இல்லை. நோயாளி வார்டின் கணக்கிலேயே இருப்பார், கட்டிலும் அவருக்காகவே இருக்கும். சில மணி நேரம் வெளியே போய்விட்டு, சொன்ன நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். மருத்துவர் சம்மதிக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

முதலில் வார்டின் மூத்த தாதியிடம் பேசுங்கள். விசேஷத்துக்கு முந்தைய நாள் போய் நிற்காதீர்கள், குறைந்தது ஒரு வாரம் முன்பே கேளுங்கள். மருந்து கட்டிக் கொடுக்க, ஆக்சிஜன் ஏற்பாடு செய்ய, உங்களுக்குத் தூக்கி உட்காரவைக்கக் கற்றுத்தர அவர்களுக்கும் நாள் வேண்டும். அன்றைய கட்டில் கட்டணம் எப்படி, காப்புறுதி அதை ஏற்குமா என்பதை மருத்துவச் சமூக ஊழியரிடம் அதே நாளில் கேட்டுவிடுங்கள். பில் வந்த பிறகு கேட்பது வீண் தலைவலி.

எத்தனை மணி நேரம் கேட்கலாம்? எந்த நேரத்துக்குக் கூட்டிவருவது நல்லது?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் பெரியது. எங்கள் வீட்டில் முதலில் தப்பு செய்ததும் இதில்தான்.

குருக்கள் குறித்துக் கொடுத்தது காலை 7.30லிருந்து 9 மணி. பத்திரிகைகூட அடிக்கக் கொடுத்துவிட்டோம். வார்டில் காலை என்பது வேறு மாதிரி. உடம்பு துடைப்பது, துணி மாற்றுவது, மருந்து, மருத்துவர் சுற்றிவருவது எல்லாம் முடியவே பத்து மணி ஆகிவிடும். அதற்கு முன் அவளைக் கிளப்ப வேண்டுமென்றால் ஐந்து மணிக்கு எழுப்பணும். ஐந்து மணிக்கு எழுப்பினால் எட்டு மணிக்கு அவள் சபையில் தூங்கிக்கொண்டு இருப்பாள்.

தாதி ஒருவர்தான் யோசனை சொன்னார். ஒரு சின்ன நோட்டில் ஐந்து நாள் மணிவாரியாகக் குறித்தேன்: எப்போது விழித்திருக்கிறாள், எப்போது பேசுகிறாள், எப்போது முகம் சுளிக்கிறாள். ஐந்து நாளும் ஒரே மாதிரி வந்தது. காலையில் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்து, வலிமருந்தும் பிடித்திருக்கும் 11 மணியிலிருந்து 1.30 வரை அவள் பழைய ஆளாக இருந்தாள். இரண்டு மணிக்கு மேல் சாய்ந்துவிடுவாள். நோட்டை எடுத்துக்கொண்டு குருக்களிடம் போனேன். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி அதே நாளில் 11.15ஐக் கொடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு எளிதான காரியத்துக்கு நான் நான்கு நாள் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

ஆக, விசேஷத்தின் நேரத்தை அவர் உடம்பைப் பார்த்து வையுங்கள். உறவினர்கள் எந்த நேரம் சொன்னாலும் வருவார்கள்.

ஐந்து மணி நேரம் என்றால் ஐந்து மணி நேரக் கொண்டாட்டம் என்று நினைக்காதீர்கள். போக வர ஒன்றரை மணி. வந்ததும் படுக்க முக்கால் மணி. சடங்கு அதிகம் போனால் நாற்பது நிமிடம். அப்புறம் மறுபடி படுக்கை. மிச்சம் இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு எதுவும் திட்டம் போடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கீமோ நடந்துகொண்டிருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. மருந்து ஏற்றி ஏறக்குறைய 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். மூன்று வாரச் சுற்று என்றால் பெரும்பாலும் மூன்றாவது வாரம் தேவலை. தேதி குறிக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

மருத்துவர் வேண்டாம் என்கிறார். ஏ.ஓ.ஆர். கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்துவிடலாமா?

சொந்தப் பொறுப்பில் டிஸ்சார்ஜ் ஆவதைத்தான் ஏ.ஓ.ஆர். என்பார்கள். செய்யலாம், யாரும் கட்டிப்போட மாட்டார்கள். ஆனால் கட்டில் போய்விடும், மாலையில் திரும்பிப் போக இடமிருக்காது. முதலில் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். "ரத்தத்தில் உப்புச்சத்து சரியில்லை, இரண்டு நாளில் தேறலாம்" என்பது ஒரு பதில். "வழியிலேயே போய்விடலாம்" என்பது வேறு பதில். முதலாவதற்கு விசேஷத்தைத் தள்ளி வைக்கலாம். இரண்டாவதற்கு, விசேஷத்தை வார்டுக்குக் கொண்டுபோங்கள். குடும்ப அறையையோ தோட்டத்தையோ கேட்டால் முடிந்தவரை ஒதுக்கித் தருவார்கள். பத்துப் பேர், ஒரு தாம்பாளம் போதும்.

ஆம்புலன்ஸ் விஷ் சிங்கப்பூர் என்று ஓர் அறநிறுவனம் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களை மருத்துவத் தொண்டர்களோடு ஆம்புலன்ஸில் அவர்கள் ஆசைப்பட்ட இடத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். நெதர்லாந்தில் கீஸ் ஃபெல்ட்போயர் என்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநர் 2007ல் தொடங்கிய வேலையைப் பார்த்து இங்கே வந்தது. நமக்குத் துணையில்லாமல் முடியாது என்ற நிலை இருந்தால் சமூக ஊழியரிடம் அவர்களைப் பற்றிக் கேளுங்கள்.

எந்த வண்டியில் கூட்டிவருவது?

உட்கார முடிந்தால் சக்கர நாற்காலியோடு ஏறும் வண்டி. உட்கார முடியாவிட்டால் படுத்தபடி போகும் தனியார் ஆம்புலன்ஸ். சாதாரண டாக்சியில் ஏற்றி இறக்குவதற்குள் பாதிப் பலம் போய்விடும். எலும்பில் பரவியிருந்தால் அது ஆபத்தும்கூட.

பழைய புளோக்குகளில் மின்தூக்கியை அளந்து பாருங்கள். நீளமான ஸ்ட்ரெச்சர் நேராக உள்ளே போகாமல் இருக்கலாம். கீழே அறிவிப்புப் பலகையையும் பாருங்கள், அன்று மின்தூக்கிப் பராமரிப்பு என்று ஒட்டியிருப்பார்கள். எங்கள் வீடு எட்டாவது மாடி. முந்தைய நாள் மாலை அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. நல்லவேளை, இரண்டில் ஒன்றுக்குத்தான் பராமரிப்பு.

வண்டி நிறுவனத்தை முந்தைய நாளும் கூப்பிடுங்கள், அன்று காலையும் கூப்பிடுங்கள். நாங்கள் பதிவு செய்த நிறுவனத்தின் வண்டி, அடுத்த கட்டட வாசலில் போய் நின்றுகொண்டு "ஆளைக் காணோம்" என்றது. நாங்கள் இந்த வாசலில் நின்றுகொண்டு "வண்டியைக் காணோம்" என்றோம். ஐம்பது நிமிடம் போனது. அந்த ஐம்பது நிமிடமும் அவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே கழித்தாள், அதில் பாதிப் பலம் கரைந்தது. இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்: கட்டடத்தின் பெயர், எந்த வாசல், எத்தனையாவது மாடி மூன்றையும் குறுஞ்செய்தியில் அனுப்புங்கள். வண்டி கீழே வந்துவிட்டது என்று ஓட்டுநர் போன் செய்த பிறகு மட்டும் கட்டிலிலிருந்து இறக்குங்கள்.

வீட்டில் என்னென்ன தயார் செய்யணும்?

கூடத்தை எல்லோரும் அலங்கரித்துவிடுவார்கள். நீங்கள் கழிப்பறையைப் பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் கழிப்பறை வாசலில் ஒரு படி இருக்கும், கதவும் குறுகல். சக்கர நாற்காலியின் அகலத்தை டேப் வைத்து அளந்து, கதவையும் அளந்து பாருங்கள். நுழையாது என்றால் படுக்கையறையில் கமோட் நாற்காலி ஒன்று போதும், வாடகைக்குக் கிடைக்கும். எச்.சி.ஏ. ஹாஸ்பிஸ் போன்ற இல்லப் பராமரிப்பு அமைப்பின் கீழ் இருந்தால் சாதனங்களை இரவலாகத் தருவார்கள். எங்கே கேட்பது என்றே தெரியவில்லை என்றால் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் 1800 650 6060 எண்ணைக் கூப்பிடுங்கள்.

அவர் படுக்கும் அறை கூடத்துக்கு அருகில் இருக்கட்டும். கதவை ஒருக்களித்து வைத்தால் பேச்சும் சிரிப்பும் கேட்கும், படுத்தும் கொள்ளலாம். என் மனைவி விசேஷத்தில் பாதியை அப்படித்தான் அனுபவித்தாள். முகத்துக்கு நேரே ஒரு சின்ன மின்விசிறி வையுங்கள். மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு முகத்தில் படும் காற்று உண்மையிலேயே ஆறுதல் தரும். நாற்காலியில் மெத்தை, பிளாஸ்டிக் பை, டயப்பர், வாந்திக்கு ஒரு கிண்ணம். வேறொன்றும் பெரிதாக வேண்டாம்.

ஆக்சிஜன் போகிறது. குத்துவிளக்கு ஏற்றலாமா? ஆலம் சுற்றலாமா?

இந்தக் கேள்வியை யாரும் தாமாகக் கேட்பதில்லை, நான்தான் இழுத்துவைத்துச் சொல்கிறேன். பட்டறையில் வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் உருளை இருந்தால் வேலையையே நிறுத்துவோம். அதே ஆளின் வீட்டில், மூக்கில் குழாயோடு மனைவி உட்கார்ந்திருக்க, என் அக்கா கற்பூரத் தட்டோடு வருகிறார்!

ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் எரிகிற எதையும் பேயாட்டம் ஆடவைக்கும். புடவையிலும் முடியிலும் போர்வையிலும் அது ஊறித் தங்கும், அதனால் குழாயைக் கழற்றிய உடனே தீயருகே போவதும் கூடாது. விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி இருக்கணும். நான்கு அறை வீட்டின் கூடத்தில் மூன்று மீட்டர் என்பது ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் உள்ள தூரம். நாங்கள் சிராங்கூன் சாலையில் மின்சாரக் குத்துவிளக்கு ஒன்று வாங்கி வைத்தோம். ஆலத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர் மட்டும், நடுவில் கற்பூரம் இல்லை. சாம்பிராணியும் வேண்டாம், அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது. சாமி அறை விளக்கை விடியற்காலையிலேயே ஏற்றிக் கும்பிட்டு அணைத்துவிட்டோம்.

உதடு காய்கிறது என்று வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவாதீர்கள். எண்ணெய்ப் பசையும் ஆக்சிஜனும் சேரக்கூடாது. தண்ணீர் அடிப்படையிலான களிம்பை வார்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உருளை எவ்வளவு நேரம் வரும் என்பது எளிய கணக்கு. உள்ளே 400 லிட்டர் வாயு இருக்கிறது, நிமிடத்துக்கு 2 லிட்டர் போகிறது என்றால் 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம். அதை நம்பி மூன்று மணி நேரப் பயணம் போகக்கூடாது. வண்டி தாமதமாகும், மின்தூக்கி வராது. கணக்கு வரும் அளவைப் போல் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் இயந்திரம் வைத்தாலும், மின்சாரம் போனால் உதவ ஓர் உருளை பக்கத்தில் இருக்கட்டும். கேட்டரிங்காரர் மின்சாரச் சூடேற்றியை அதே இணைப்பில் சொருகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் வலி வந்தால்?

வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாய்வழி மார்ஃபின் பிடிக்க அரைமணி நேரம் ஆகும், நான்கு மணி நேரம் வரை தாங்கும். அதனால் வண்டியில் ஏற்றுவதற்கு அரைமணி முன்பே ஒரு வேளை கொடுக்கலாமா, இடையில் வலி வந்தால் எவ்வளவு கொடுப்பது, எத்தனை முறை வரை கொடுக்கலாம் என்பதை வார்டில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது அந்த அமளியில் மறந்துபோகும். மருந்துக்கு ஒரே ஒருவர் பொறுப்பு. எங்கள் வீட்டில் என் மருமகன். கொடுத்த நேரத்தைக் கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டான்.

ஃபென்டனில் ஒட்டுப்பட்டை ஒட்டியிருந்தால் வெயிலிலோ சூடான ஒத்தடத்திலோ வைக்காதீர்கள், சூட்டில் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும். ஊசி பம்ப் மாட்டியிருந்தால் அது அலறும்போது என்ன செய்வது என்று கிளம்பும் முன் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

பாயசம் கேட்கிறார். கொடுக்கலாமா?

விழுங்குவதில் பிரச்சினை இல்லை என்றால் தாராளமாக. இரண்டு கரண்டி சாப்பிடுவார், அவ்வளவுதான். சர்க்கரை அளவை அன்று ஒரு நாள் பெரிதுபடுத்த வேண்டுமா என்று மருத்துவரையே கேளுங்கள். பல பேர் சிரித்துக்கொண்டு "கொடுங்கள்" என்பார்கள்.

விழுங்கும் சிரமத்துக்குக் கெட்டியாக்கிய தண்ணீர் குடிப்பவர் என்றால் பாயசம்தான் மோசமான பண்டம். நீர்த்த பாலும் அதில் மிதக்கும் ஜவ்வரிசியும் வாய்க்குள் தனித்தனியாகப் போகும், பால் புரையேறும். பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளரிடம் கேட்டு, அவர் சொன்ன பதத்துக்குச் சர்க்கரைப் பொங்கலையோ கேசரியையோ மசித்துக் கொடுக்கலாம். படுத்தபடி எதையும் ஊட்டாதீர்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு வாழைப்பழம், இளநீர், தேங்காய்ப்பால் மூன்றையும் கண்ணில் காட்டாமல் இருப்பது உத்தமம்.

என் மகள் கர்ப்பிணி. கீமோ எடுக்கும் அம்மாவின் பக்கத்தில் இருக்கலாமா?

எங்கள் வீட்டிலும் இந்தப் பயம் இருந்தது. தொடலாம், கட்டிப்பிடிக்கலாம், கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். கீமோ ஏற்றி முதல் இரண்டு மூன்று நாள் சிறுநீர், வாந்தி போன்றவற்றில் மருந்தின் மிச்சம் இருக்கும், அவற்றைச் சுத்தம் செய்யும் வேலை மட்டும் கர்ப்பிணிக்கு வேண்டாம். அதை மற்றவர்கள் கையுறை போட்டுச் செய்யட்டும். அம்மாவுக்கு அக்கி வந்திருந்தால் அது வேறு சங்கதி, முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். கதிரியக்க மருந்தை உள்ளே செலுத்தும் சிகிச்சை என்றாலும் அப்படியே.

உண்மையில் பயப்பட வேண்டியது எதிர்ப்பக்கத்திலிருந்து. வெள்ளை அணு குறைந்தவருக்கு, பாலர் பள்ளியிலிருந்து கை, கால், வாய் நோயோடு வரும் பேரப்பிள்ளைதான் ஆபத்து. இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் வர வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் நேராகச் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்பவர்கள் குழந்தை பிறந்ததும் சமாதானமாகிவிடுவார்கள்.

நோயாளி சபையில் உட்காருவது அபசகுனம் என்கிறார்கள் பெரியவர்கள்.

எங்கள் பக்கத்திலும் சொன்னார்கள். நேராகச் சொல்லவில்லை. "அவளுக்குக் கஷ்டமா இருக்குமே, உள்ளயே படுத்திருக்கட்டுமே" என்று என் சித்தி இனிப்பாகச் சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் சம்பந்தியம்மா, "முதல் வளையல் அவங்கதான் போடணும், நான் ரெண்டாவது" என்று முடித்துவிட்டார். அந்த அம்மாளுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

சந்தனம் பூசி, பூ தூவி, வளையல் போட ஆரம்பித்தாள். கண்ணாடி வளையல். மூன்றாவது வளையலில் விரல் நடுங்கி, அது மகளின் கட்டைவிரல் முட்டியில் மாட்டி இரண்டாக உடைந்தது. கூடத்தில் சத்தமே இல்லை. சித்தியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க விருப்பமும் இல்லை. என் மகள் துண்டுகளை மடியிலிருந்து பொறுக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, "அம்மா, அந்தப் பச்சையைப் போடுங்க, அது கொஞ்சம் பெருசு" என்று கையை நீட்டினாள். பேரன் பிப்ரவரியில் பிறந்தான், மூன்றேகால் கிலோ.

என் கருத்து கேட்டால்: யார் எந்த நம்பிக்கையை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், அதை அவர் காதுபட மட்டும் பேச வேண்டாம் என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லிவிட வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இல்லாமல் வீட்டில் வாயுள்ள ஒரு அத்தையாக இருந்தால் நல்லது.

வந்தவர்கள் அழுதுவிட்டால்? படம் எடுக்கலாமா?

அழட்டும். வரிசையாக வந்து ஒவ்வொருவரும் அழுவதைத்தான் தடுக்க வேண்டும், அது துக்க வீட்டுச் சாயல். ஒரு நேரத்தில் இரண்டு பேர், ஐந்து நிமிடம். படம் எடுக்கலாமா என்பதை அவரிடமே கேளுங்கள். என் மனைவி "இடப்பக்கம் மட்டும்" என்றாள். குழாய் வலப்பக்கமாகப் போனது.

அவருக்கே வர விருப்பமில்லை போலிருக்கிறது.

சிலருக்கு இளைத்த உடம்பைக் காட்டக் கூச்சம். சிலருக்குக் கழிப்பறைப் பயம், அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சிலருக்கு வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது என்ற பயம். எது என்று தெரிந்தால் முதல் இரண்டுக்கும் வழி உண்டு. மூன்றாவது என்றால் வற்புறுத்தாதீர்கள். பிள்ளைகள் ஆசைக்காக ஒருவரைத் தூக்கிவருவதை நான் பார்த்திருக்கிறேன். படத்தில் எல்லோரும் இருந்தார்கள், நடுவில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

வந்ததும் முதலில் என்ன செய்யவைப்பது?

திட்டம் போடாத ஒரு மணி நேரம் என்று மேலே சொன்னேன் அல்லவா, இதற்குத்தான். வாசலில் ஆலம் சுற்றி முடித்ததும் நான் நாற்காலியைக் கூடத்துப் பக்கம் திருப்பினேன். அவள் சமையலறையைக் காட்டினாள். உள்ளே போனதும் அஞ்சறைப் பெட்டியைக் கேட்டாள். ஒரு மாதமாக நானும் பணிப்பெண்ணும் சமைத்ததில் சீரகக் கிண்ணத்தில் கடுகும் கடுகுக் கிண்ணத்தில் வெந்தயமும் இருந்தன. மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, ஒரு தட்டில் ஒவ்வொன்றாகக் கொட்டி, துடைத்து, பழைய இடத்தில் மாற்றி வைத்தாள். கால்மணி நேரம். வெளியே ஏற்கெனவே வண்டியால் தாமதம், குருக்கள் கொடுத்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. என் அக்கா இரண்டு முறை எட்டிப் பார்த்தார். நான் கதவைச் சாத்தினேன்.

உங்கள் வீட்டில் அது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக இருக்கலாம், வங்கிப் புத்தகத்தைப் பார்ப்பதாக இருக்கலாம், சொந்தத் தலையணையில் பத்து நிமிடம் படுப்பதாக இருக்கலாம். கேட்டால் விடுங்கள்.

விசேஷம் எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூரில். அங்கே கூட்டிப்போகலாமா?

வேண்டாம். கடற்பாலத்தில் வண்டிகள் நின்றால் மணிக்கணக்கு. மார்ஃபின் இரு நாட்டிலும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. விசேஷத்தை இந்தப் பக்கம் மாற்றுங்கள்.

வீட்டில் திடீரென்று மோசமானால் யாரைக் கூப்பிடுவது?

கிளம்பும் முன் வார்டில் கேட்க வேண்டியவை: எந்த அறிகுறிக்கு வார்டுக்குப் போன் செய்வது, எதற்கு உடனே ஆம்புலன்ஸ். கீமோ எடுப்பவருக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் விருந்து முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

995 அவசர ஆம்புலன்ஸ், 1777 அவசரமில்லாதது. 995ஐக் கூப்பிட்டால் அவர்கள் அருகில் இருக்கும், அந்த நிலைக்கு ஏற்ற மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோவார்கள். சமூக மருத்துவமனைக்கோ ஹாஸ்பிஸுக்கோ திரும்பக் கொண்டுபோய்விட மாட்டார்கள். அதனால் மருந்துப் பட்டியலும் மருத்துவர் குறிப்பும் கையில் இருக்கட்டும். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க வேண்டாம் என்று அவர் ஏற்கெனவே முடிவு சொல்லி, முன்கூட்டிய பராமரிப்புத் திட்டத்தில் பதிவாகியிருந்தால் அதன் பிரதியும் வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கவும் வேண்டும்.

வீட்டிலேயே உயிர் பிரிந்துவிடலாம் என்ற நிலை இருந்தால், சான்றளிக்க எந்த மருத்துவர் வருவார் என்பதை முன்பே கேட்டு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். காரணத்தை மருத்துவரால் உறுதிசெய்ய முடியாவிட்டால் போலிஸ் வரை போகும். சான்றளித்துவிட்டால், 2022 மே 29லிருந்து மரணப் பதிவு தானாகவே நடந்துவிடுகிறது, தனியாகப் போய்ப் பதிய வேண்டியதில்லை. கேட்கக் கசக்கும் கேள்விதான். நான் கேட்டபோது மருத்துவர் முகம் மாறவே இல்லை, தினமும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

திரும்பிப் போக மாட்டேன் என்றால்?

மூன்றேகால் மணிக்கு வண்டி வந்தது. "நான் போகலைங்க" என்றாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்.

நான் அப்போது, "அடுத்த வாரம் மறுபடி வரலாம்" என்றேன். அது பொய். அவளுக்கும் தெரியும். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இன்றுவரை உறுத்துகிறது.

செய்திருக்க வேண்டியது என்ன? முதலில் வார்டுக்குப் போன் செய்து, ஒரு மணி நேரம் நீட்டிக்க முடியுமா என்று கேட்டிருக்கலாம். காரணம் சொல்லிக் கேட்டால் பல நேரம் ஒத்துக்கொள்வார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதைவிட முக்கியம், ஒரு வாரம் முன்பே "வீட்டிலேயே இருக்க ஆசைப்பட்டால் முடியுமா" என்று வார்டில் கேட்டிருக்க வேண்டும். இல்லத்துக்கே வந்து பார்க்கும் அந்திமகாலப் பராமரிப்புக் குழுக்கள் இருக்கின்றன. கட்டில், ஆக்சிஜன், இரவில் விழித்திருக்க ஆள் எல்லாம் ஏற்பாடாக நாள் பிடிக்கும். மாலை மூன்றேகால் மணிக்கு அதை ஆரம்பிக்க முடியாது.

கடைசியில் வேலை செய்தது என் மகளின் யோசனை. "நானும் வரேன்மா, வளையலோட" என்று கூடவே வண்டியில் ஏறினாள். இரவு எட்டு மணி வரை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நோயாளியை வார்டில் விட்டுவிட்டு எல்லோரும் விருந்து வீட்டுக்குத் திரும்புவது போல் ஏற்பாடு செய்யாதீர்கள். யாராவது ஒருவர், முடிந்தால் விசேஷத்துக்கு உரியவரே, கூடப் போகட்டும்.

போன பிறகு என்ன எதிர்பார்க்கலாம்?

இரண்டு நாள் அயர்ந்து தூங்குவார். உறவில் யாராவது "கூட்டிட்டு வந்ததாலதான் இப்படி" என்பார்கள். களைப்பா, நோய் முற்றியதா என்று மருத்துவருக்குத் தெரியும், அவரிடம் கேளுங்கள், அவர்களிடம் கேட்காதீர்கள்.

மிஞ்சிய மருந்தை அன்று இரவே வார்டில் ஒப்படைத்துவிடுங்கள், மார்ஃபினை அளந்து பார்ப்பார்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதையும் கேட்பார்கள். என் மருமகன் கையைக் காட்டினான்.

சாப்பாட்டில் கொஞ்சம் தாதிகளுக்கும் கொண்டுபோங்கள். நாங்கள் கேட்டரிங் புளியோதரையில் ஒரு டப்பா கொண்டுபோயிருந்தோம். இரவு வேலைக்கு வந்த ஃபிலிப்பினோ தாதி ஒருவர் சாப்பிட்டுவிட்டு, டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்து, ரொம்ப நன்றாக இருந்தது என்றார். என் மனைவி தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே என்னிடம் சொன்னாள்: "கடுகு பத்தாது."